விலக முடியாத கட்சி

இல்லாத வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

பெலாரஸில் ஒரு சமூக ஜனநாயகக் கட்சியைத் தடை செய்தார்கள். தோழர்கள் சிலர் சிறைக்கும் மற்றவர்கள் வெளிநாட்டுக்கும் போக, ஒரு சிற்றூரில் நூலகப் பணியாளர் யாத்விகா மட்டும் மிஞ்சினாள்.

அரசு அதிகாரி ஒருவர் அவள் வீட்டுக்கு வந்தார். "கட்சியைவிட்டு விலகிவிட்டதாக நாளை வானொலியில் சொல். இல்லாவிட்டால் வேலை போய்விடும்."

"சொல்கிறேன் ஐயா. ஆனால் அப்படியொரு கட்சியே இல்லை என்று நேற்று நீங்கள்தானே வானொலியில் சொன்னீர்கள்? நாளை நான் விலகினால், இன்றுவரை அது இருந்தது என்றாகுமே. மேலிடத்தில் உங்களைக் கேட்கமாட்டார்களா?"

அதிகாரி தொப்பியை மாட்டிக்கொண்டார். "நீ வானொலிப் பக்கமே வராதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று, அவள் வீட்டில் வழக்கமாகக் கட்சிக் கூட்டம் நடந்துவந்த சனிக்கிழமை. மேசையைச் சுற்றி நாற்காலிகள் காலியாக இருந்தன.

"இவற்றை எடுத்து வைத்துவிடலாமா, உல்யானா?" என்று யாத்விகா தன் சிறு மகளிடம் கேட்டாள்.

உல்யானா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.