மேசைமேல் வென்ற போர்

நெப்போலியனின் படை உல்ம் நகரைச் சுற்றி வளைத்தது. உள்ளே சிக்கிய ஆஸ்திரியப் படை சரணடைந்தது. சிப்பாய்கள் மழையில் வரிசையாக வந்து துப்பாக்கிகளைக் கீழே போட்டார்கள். இனி அவர்கள் கைதிகளாகப் பிரான்சுக்கு நடக்க வேண்டும். அதிகாரிகள் மட்டும், சண்டைக்கு வரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இடுப்பில் வாளோடு வீட்டுக்குப் போகலாம். தோற்பதிலும் மேல் கீழ் உண்டு.

கேப்டன் லோரன்ஸ் வாக்குக் கொடுத்தான். ஆனால் வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை. குதிரையை எதிர்த்திசையில் திருப்பி, சாலையோர மடம் ஒன்றுக்கு வந்து, அதன் தலைவர் பென்னோவிடம் சீடனாகச் சேர்ந்தான்.

சேர்ந்தானே தவிர, இடுப்பு வாளைக் கழற்றவில்லை, ஓரிடத்தில் உட்காரவுமில்லை. ஜெபத்தின் நடுவே எழுந்து போய்விடுவான். சமையலறை மேசையில் ஈர விரலால் ஆறு வரைவான். காய்ந்த பட்டாணி அவன் படை. ரொட்டித் துணுக்குகள் எதிரிப் படை. ஒவ்வொரு தடவையும் பட்டாணிதான் ஜெயிக்கும்.

"சாமி, இங்கே பாருங்கள். அன்றைக்கே இந்தப் பாலத்தைத் தாண்டியிருந்தால் தப்பித்திருப்போம். தளபதி கேட்கவில்லை. இது ஏன் என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது?"

பென்னோ பட்டாணி முழுவதையும் கையால் கூட்டி அள்ளி அடுப்பிலிருந்த பானையில் போட்டார்.

"என்ன செய்கிறீர்கள்!"

"ஆட்கள் வருகிறார்கள். இருக்கிற சூப் போதாது."

லோரன்ஸ் ஜன்னல் வழியே பார்த்தான். சாலை நிறையக் கைதிகள். பாதிப் பேர் காலில் செருப்புக்கூட இல்லை. முன்னால் வந்தது அவன் நடத்திய படைப்பிரிவு. சட்டென்று சுவரோரம் ஒதுங்கினான்.

காவலர்கள் கைதிகளை மடத்து முற்றத்தில் உட்கார வைத்தார்கள். பட்டாணி வேகும்வரை லோரன்ஸ் சமையலறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். வெளியே யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள்.

பென்னோ பானையை இறக்கினார். "ஒரு பக்கம் பிடி."

"நானா? வேறு யாரையாவது கூப்பிடுங்கள், சாமி."

"மற்றவர்கள் ரொட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்."

"அங்கே இருப்பவர்கள் என் ஆட்கள். என்னை நம்பி நின்றவர்கள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போவேன்?"

"இருக்கிற முகத்தை வைத்துக்கொண்டுதான்."

லோரன்ஸ் கதவுவரை போனான், திரும்பி வந்தான். அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது. கடைசியில் இடுப்பு வாரை அவிழ்த்து, வாளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பானையின் ஒரு காதைப் பிடித்தான்.

பென்னோ மறுகாதைத் தொடவில்லை.

"வாளைக் கட்டிக்கொள்."

"இதைப் பார்த்தால் என் முகத்தில் காறித் துப்புவார்கள், சாமி!"

"துப்பட்டும். இவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களுக்குத் திட்டுவதற்கு ஒரு அதிகாரிகூடக் கிடைத்திருக்கமாட்டான். கட்டிக்கொண்டு வா, சூப் ஆறுகிறது."