எசமான் ஆடிய ஆட்டம்

சித்திரை வெயில் உச்சிக்கு ஏறியதும், கால் சுடுகிறதென்று தேர்வடம் பிடித்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"நடிக்கிறானுக!" என்றார் குடைக்கடியில் நின்ற ஜமீன்தார். தேருக்கு முட்டுக்கட்டை போடும் ஒச்சானைக் கூப்பிட்டார். "டேய், தேர் இப்பவே நகரணும். இல்லேன்னா நீ ஊரைவிட்டே நகரணும்!"

ஒச்சான் கைகட்டினான். "எசமான் வடத்தைத் தொட்டா நகரும். ஆனா செருப்போட தொடக்கூடாதே."

ஊர் வழக்கத்தை மறுக்க முடியுமா? செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் கால் வைத்தார். வைத்த காலைத் தூக்கினார், மறுகாலையும் தூக்கினார்.

"எசமானுக்குச் சாமி வந்துருச்சு, கொட்டு அடிங்கடா!" என்றான் ஒச்சான்.

"சாமியுமில்லை பூதமுமில்லை, பொசுங்குதுடா! தெருவெல்லாம் தண்ணி ஊத்துங்க!"

குடம்குடமாய் ஊற்றினார்கள். கால் குளிர்ந்த ஜனம் ஒரே இழுப்பில் தேரை நகர்த்தியது.

"நாங்க வாயால சொன்னோம், எசமான் காதுல ஏறலை," என்றான் ஒச்சான். "உங்க கால் சொன்னதும் ஏறிருச்சுங்க!"