பனியில் கொட்டிய பிளாஸ்க்

விடை காணத் தேவையானவை எல்லாம் கதைக்குள்ளேயே இருக்கின்றன. மெதுவாகப் படித்தால் போதும்.

ரஷ்யாவில், வோல்கா ஆற்றங்கரை நகரம் ஒன்றில், ஓட்டக்காரர்களுக்கான பயிற்சி விடுதி இருந்தது. அங்கே ரிம்மா, ஃபாயினா என்ற இரு பெண்கள் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். இருவரும் ஓடியது எண்ணூறு மீட்டர். சீப்பு, உப்பு, கம்பளிக் காலுறை எல்லாம் இருவருக்கும் பொது. யாருடையது எது என்று அவர்களே மறந்திருந்தார்கள்.

பொதுவில்லாதது ஒன்றே ஒன்று. ரிம்மாவின் பச்சை நிற பிளாஸ்க்.

பயிற்சியாளர் கென்னாதி பாவ்லொவிச் காலையில் அதைத் தம் கையாலேயே நிரப்பித் தருவார். ரிம்மா ஓட்டம் முடிந்ததும் குடிப்பாள். ஃபாயினாவுக்கு அவர் எதுவும் தருவதில்லை. "நீ ஓடுகிறாயா, இல்லை ஊருக்கெல்லாம் தபால் கொடுத்துக்கொண்டே வருகிறாயா?" என்பார். அவள் சிரித்துவிட்டு மறுபடியும் ஓடுவாள்.

ஒரு குளிர்கால நாளில் ஃபாயினாவுக்குக் காய்ச்சல். அப்படியும் ஓடினாள். முடித்தபோது பல் கிட்டியது. தடத்தின் ஓரம் இருந்த பிளாஸ்கை எடுத்து மூடியைத் திறந்தாள்.

"அதை வை," என்றாள் ரிம்மா.

"சூடாக ஒரு வாய்."

"கசக்கும்."

"விடுதி சூப்பையே குடித்து உயிரோடு இருக்கிறேன். இது என்ன செய்துவிடும்?"

ரிம்மா பிளாஸ்கைப் பிடுங்கி, இருந்ததை எல்லாம் பனியில் கொட்டினாள். வெள்ளைப் பனியில் மஞ்சளாகக் குழி விழுந்தது. பிறகு தோழியைத் தாங்கி அறைக்கு அழைத்துப்போய், ராஸ்ப்பெரி ஜாம் கரைத்த தேநீர் கொடுத்து, தன் போர்வையையும் சேர்த்துப் போர்த்திவிட்டாள். ஃபாயினா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் எதுவும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

கோடையில் நாட்டு அணிக்கான தேர்வு ஓட்டம் நடந்தது. மூன்று பேருக்கு மட்டுமே இடம். ரிம்மா எல்லாரையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளி முதலாவதாக வந்தாள். ஃபாயினா மூன்றாவது. அவளுக்கு ஒரு கை தூரத்தில் நான்காவதாக வந்தவள் நோன்னா. அவள் ஆணிக் காலணியைக் கழற்றிப் பையில் போட்டாள். இருவருக்கும் கைகொடுத்து வாழ்த்தினாள். தன் ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்துவிட்டாள்.

அணி வெளிநாடு சென்றது. ரிம்மா வெள்ளி வாங்கினாள். இலையுதிர் காலத்தில் செய்தி வந்தது: அவளுடைய சிறுநீரில் ஊக்கமருந்து.

விசாரணை வைத்தார்கள். விதி இதுதான். தெரியாமல் ஏமாற்றப்பட்டிருந்தால் சில மாதத் தடை, பிறகு ஓடலாம். தெரிந்தே குடித்திருந்தால் நான்கு ஆண்டுகள்; தேர்வு ஓட்டத்தில் பெற்ற இடமும் செல்லாது. ரிம்மாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நான்கு ஆண்டு கழித்து எண்ணூறு மீட்டருக்குத் திரும்பி வருவது நடக்கிற காரியம் இல்லை.

"சத்துநீர் என்று சொன்னார். குடித்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது," என்றாள் ரிம்மா.

கென்னாதி பாவ்லொவிச் எழுந்தார். அவருக்கு ஓட்டத்தைத் தவிர வேறு பிழைப்பும் இல்லை, குடும்பமும் இல்லை. "அவள் சொல்வது உண்மை. கலந்தவன் நான். அவளிடம் மறைத்தவனும் நான். என்னை வாழ்நாள் முழுக்க விலக்குங்கள். அவளை விட்டுவிடுங்கள்," என்றார். அறையில் இருந்தவர்கள் அவரை மரியாதையோடு பார்த்தார்கள்.

கடைசியாக ஃபாயினாவை அழைத்தார்கள். அவளும் மருந்து குடித்தாளா என்று அறிவதற்காகத்தான்.

"அந்த பிளாஸ்கில் நீ குடித்ததுண்டா?"

"இல்லை."

"ஒரே அறையில் இருந்தும், ஒருமுறைகூட?"

ஃபாயினா ரிம்மாவைப் பார்த்தாள். ரிம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் இல்லை என்ற ஒரு சொல்லோடு ஃபாயினா நிறுத்தியிருக்கலாம்.

"ஒருமுறை குடிக்கப் போனேன். அவள் விடவில்லை. பிடுங்கிப் பனியில் கொட்டிவிட்டாள்."

விசாரித்தவர்கள் பேனாவை எடுத்தார்கள். வெறும் சத்துநீரை எவரும் காய்ச்சல்காரியிடமிருந்து பிடுங்கிக் கொட்டமாட்டார்கள்.

நான்கு ஆண்டுத் தடை. பயிற்சியாளருக்கு வாழ்நாள் தடை.

தாழ்வாரத்தில் ரிம்மா கேட்டாள்: "உன்னைக் காப்பாற்றியதற்கு இதுதானா?"

"நீ காப்பாற்றியதைத்தான் சொன்னேன்," என்றாள் ஃபாயினா.

பயிற்சியாளர் மாணவிக்காகப் பழி முழுவதையும் தாமே ஏற்றார். ரிம்மா தான் கெட்டாலும் தோழியைக் கெடவிடவில்லை. அப்படிக் காத்தவளைக் காட்டிக்கொடுத்தாள் ஃபாயினா. இதில் யார் செய்தது சரி? சொல்வதற்கு முன், கதையில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

விடை: மூவர் என்று எண்ணியவர்கள் ஒருத்தியை விட்டுவிட்டார்கள். நோன்னா. பயிற்சியாளரின் தியாகம் ரிம்மாவுக்கு உதவியிருக்கும். ரிம்மாவின் அன்பு ஃபாயினாவுக்கு உதவியது. ஒருவரையொருவர் காத்துக்கொண்ட அந்த மூவரும் நோன்னாவுக்கு எதுவும் செய்யவில்லை, விசாரணை அறையில் ஃபாயினா வாய் திறக்கும்வரை. ஆகவே சரி செய்தவள் ஃபாயினா. ஆனால் அவளுக்கும் முழுச் சரி கொடுக்க முடியாது. பனியில் கறை விழுந்த அன்றே அவளுக்குப் புரிந்துவிட்டது. தேர்வு ஓட்டம் கோடையில்தான் நடந்தது; அதற்கு முன்பே அவள் சொல்லியிருக்கலாம். இப்போது, ரிம்மாவை நீக்கிய தேர்வுப் பட்டியலில், நோன்னாவின் பெயர் ஒரு படி ஏறி மூன்றாவதாக இருக்கிறது. அந்தக் கோடையில் அவள் ஓடியிருக்க வேண்டிய ஓட்டத்தை வேறொருத்தி ஓடி முடித்துவிட்டாள்.