தங்கபுஷ்பம், மைனஸ் பதினேழு

கூனிமலை உச்சியில் ஒரு வான் ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியனைச் சுற்றித் திரிகிற கற்களை, அதாவது சிறுகோள்களை, தொலைநோக்கியில் பார்த்து, எது எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து பதிவேட்டில் ஏற்றுவதுதான் அங்கே வேலை. அளப்பவர் இயக்குநர் வரதராசன். எழுதுகிறவர்கள் சொர்ணலிங்கம், பேச்சிமுத்து, ஆவுடையப்பன் என்று மூன்று பேர். மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். ஆய்வுக்கூடத்துக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சூரியனைப் பார்த்தே நாலு நாளாகிவிட்டது. வானமே தெரியாதபோது எதை அளப்பது? இயக்குநர் ஒரு கூட்டத்துக்காக மதுரைக்குக் கிளம்பினார். போகும்போது நைந்துபோன பழைய பதிவேட்டையும் ஒரு புதுப் பதிவேட்டையும் சொர்ணலிங்கத்திடம் கொடுத்தார்.

"இதுல இருக்கறத அதுல எழுதி வைங்க. உள்ளது உள்ளபடி இருக்கணும். ஒரு புள்ளிகூட விடக்கூடாது. நல்லபடியா முடிச்சீங்கன்னா, நான் கண்டுபிடிச்ச கல்லுக்கு நீங்க சொல்ற பேரையே வைக்கச் சொல்லி எழுதிப் போடறேன்."

சொர்ணலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் இருக்கிறது. அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்கு செல்வராணி என்று ஒரு தங்கை. அவள் புருஷன் புது லாரி வாங்கி, அதன் நெற்றியில் 'செல்வராணி' என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டான். அன்றிலிருந்து தங்கபுஷ்பம் புருஷனிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. சோறு மட்டும் போட்டாள், அதுவும் தட்டை ணங்கென்று வைத்து.

அவர் மழையில் நனைந்துகொண்டே ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார்.

"வானத்துலயா? என் பேரா?" என்றாள் தங்கபுஷ்பம். மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு. "கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன!"

"சனிக்கிழமை காலைல செல்வராணி அந்த லாரியிலயே வாரா. முற்றத்துல நின்னு அவளுக்குக் கைநீட்டிக் காட்டணும். தெரியலன்னு வைங்க, அதே லாரியில ஏறி எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

சொர்ணலிங்கம் வேலையில் இறங்கினார். பன்னிரண்டாம் பக்கம் வரை தொந்தரவில்லை.

"அண்ணாச்சி, இந்தப் பக்கத்துல டீ கிளாஸ் வச்ச வட்டம் ஒண்ணு இருக்கு" என்றான் ஆவுடையப்பன்.

"உள்ளது உள்ளபடின்னு சொல்லிருக்காருல்லா? போடு."

டீ போட்டுக் கிளாஸை வைத்துப் பார்த்தார்கள். வட்டம் சின்னதாக விழுந்தது. பேச்சிமுத்து அடிவாரத்து டீக்கடைக்கு எட்டு கிலோமீட்டர் நடந்துபோய்ச் சரியான கிளாஸை இரவல் வாங்கி வந்தான்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு கொசு நசுங்கிச் செத்திருந்தது. கொசு புள்ளியா இல்லையா என்று மூவரும் ஒரு மணி நேரம் யோசித்தார்கள்.

"பறக்கும்போது அது கொசு. செத்து ஒட்டினப்புறம் புள்ளிதான்" என்று தீர்ப்புச் சொன்னார் சொர்ணலிங்கம்.

மூவரும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொசுவுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவழியாக ஒன்று மாட்டியது. பழைய கொசுவுக்குக் கால் ஐந்துதான். புதியதற்கு ஆறு. ஒன்றைப் பிய்த்துச் சரிசெய்து ஒட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பக்கம் வந்தது. அதில் இயக்குநர் கண்டுபிடித்த கல். வெளிச்சம்: பதினேழு. எழுதி முடித்ததும் சொர்ணலிங்கம் அந்த எண்ணை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"போச்சு! எண் கூடக் கூட வெளிச்சம் கம்மின்னு சார் சொல்லிருக்காரே. ஆறைத் தாண்டினாலே வெறுங்கண்ணுக்குத் தெரியாதாம். இது பதினேழு! அவ லாரி ஏறிருவா, பேச்சி. நான் தனியாத்தான் கெடக்கணும்."

பேச்சிமுத்து மோவாயைத் தடவினான். "எண் கூடுனா வெளிச்சம் கம்மி. அப்ப எண்ணைக் குறைச்சா வெளிச்சம் கூடும்லா?"

இவ்வளவு படித்த மனுஷருக்கு இது தோன்றவில்லையே என்று மூவருக்கும் இயக்குநர்மேல் இரக்கமாக இருந்தது.

"ஆனா எண்ணை மாத்தக்கூடாதே. உள்ளது உள்ளபடில்லா?" என்றார் சொர்ணலிங்கம்.

"எண் இருக்கட்டும் அண்ணாச்சி. முன்னால ஒரு கோடு மட்டும் போடுவோம். பௌர்ணமி நிலாவுக்கு சார் அப்படித்தான் மைனஸ் பன்னிரண்டுன்னு போட்டிருக்காரு."

சொர்ணலிங்கம் சாமி கும்பிட்டுவிட்டுப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். மழைதான் தெரிந்தது.

"அவசரப்படக்கூடாது" என்றான் ஆவுடையப்பன். "அங்கருந்து வெளிச்சம் வந்துசேர நேரம் பிடிக்கும்னு சார் சொல்லிருக்காரு." வந்துசேரட்டும் என்று பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. பேச்சிமுத்து அலறினான். "அண்ணாச்சி! கல்லு எரியுது!"

கிழக்கே மலைக்கு மேல் ஜெகஜோதியாக நின்றது.

"இது சூரியன் மாதிரில்லா இருக்கு?" என்றான் ஆவுடையப்பன்.

"சூரியன்தான் இத்தனை நாளா வரலியே. எடம் காலியாக் கெடந்தது, நம்ம கல்லு வந்து உக்காந்துட்டு" என்றான் பேச்சிமுத்து.

சொர்ணலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். முற்றத்தில் லாரி வந்து நின்றிருந்தது. செல்வராணி இறங்கி, "எங்கக்கா உன் கல்லு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூச்சிரைக்க மேலே கையைக் காட்டினார். அந்தக் குடும்பத்தில் புத்தி எல்லோருக்கும் ஒரே அளவுதான். செல்வராணி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாள்.

"கூசுதுக்கா."

"கூசத்தான் செய்யும்" என்றாள் தங்கபுஷ்பம்.

செல்வராணி லாரியைப் பார்த்தாள். அதில் இருந்ததே இரண்டு விளக்கு, அதிலும் ஒன்று எரியாது. காப்பிகூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாள். தங்கபுஷ்பம் அன்று புருஷனுக்குத் தோசைமேல் இரண்டு முட்டை ஊற்றிக் கொடுத்தாள், தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

சாயங்காலம் இயக்குநர் திரும்பி வந்தார். புதுப் பதிவேட்டைப் புரட்டி, "என்னய்யா இது, கோடு?" என்று ரப்பரால் அழித்தார். வெளியே பொழுது சாய்ந்து இருட்டியது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் விடியுமுன்பே சொர்ணலிங்கம் வந்து கோட்டைத் திரும்பப் போட்டார். தினமும் சாயங்காலம் இயக்குநர் திட்டிக்கொண்டே அழிப்பதும், விடிகாலையில் இவர் போடுவதும் வழக்கமாகிவிட்டது. சொர்ணலிங்கம் ஒரு நாள்கூட லீவு எடுப்பதில்லை.

கார்த்திகையில் ஒருநாள் காய்ச்சலில் அசந்து தூங்கிவிட்டார். தங்கபுஷ்பம் போர்வையை உருவினாள். "மணி பத்து! ஊரே இருட்டிக் கெடக்கு, நீங்க குறட்டை விடுதீகளே!" வெளியே மேகம் கறுத்துத் தூறிக்கொண்டிருந்தது. சொர்ணலிங்கம் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். இந்நேரம் இயக்குநர் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார், இன்றைக்கு இனிக் கோடு போட வழியில்லை. காய்ச்சலோடு குடையைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கி, அடிவாரத்தில் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார்.

கடைசி வீட்டில் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் நின்றாள். அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"உடம்பு சரியில்லன்னா யாரு என்ன செய்ய முடியும், அண்ணாச்சி? நாளைக்குக் கோட்டைக் கொஞ்சம் நீளமாப் போடுங்க. ரெண்டு நாள் துணி காயாமக் கெடக்கு."