அதே குரலில்

1956 நவம்பர் கடைசி நாள். கொள்ளிடக் கரையிலிருந்த சிறிய மடத்தில் ஊர் கூடியிருந்தது. மாதம் முடியும் மாலையில் அந்த மாதத்து உலகச் செய்திகளை வாசிப்பதும், பிறகு இறந்தவர்களுக்காக ஆற்றில் ஒரு விளக்கு விடுவதும் அங்கே வழக்கம்.

வாசிப்பவர் சபேசன். அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்துக் குருவைவிட வயதில் மூத்த சீடர்.

“புடாபெஸ்ட் தெருவில் டாங்கிகள்! மாணவர்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். கால்வாய்க்காக எகிப்தின்மேல் குண்டு போட்டார்கள். இதே மாதம் மெல்போர்னில் ஒலிம்பிக் பந்தயம், கொடி, கைதட்டல்! உலகத்துக்கு வெட்கம் இல்லையா?”

குரல் கூரையில் மோதியது.

“அப்படிப் போடுங்க வாத்தியாரே!” என்றது கூட்டம்.

சபேசன் காகிதத்தை மடித்தார். பின்னாலிருந்து பவுனம்பாள் எழுந்தாள். போன வாரம் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து ரயில் விழுந்தது. பட்டணத்திலிருந்து வந்துகொண்டிருந்த அவள் கணவன் அதில் இருந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

“நம்ம ரயிலு வரலீங்களேய்யா?”

“அது உள்ளூர்ச் சேதிம்மா. இது உலகம்.”

“அப்ப எங்க வீட்டுக்காரரு எந்த ஒலகத்துல செத்தாரு? பாலம் ஏன் போச்சுன்னு கேக்க ஒரு நாக்கு இல்ல. எங்கியோ இருக்கறவன வையறதுக்கு மட்டும் இம்மாந் தொண்டையா?”

சபேசன் குருவைப் பார்த்தார்.

“அதையும் சொல்லுங்கள்” என்றார் குரு. “அதே குரலில்.”

சபேசன் செருமினார். “அரியலூர் அருகே... எதிர்பாராத விதமாக... இயற்கையின் சீற்றத்தால்...”

“கேக்கலீங்கய்யா!”

“அதே குரலில்” என்றார் குரு மறுபடியும்.

முன்வரிசையில் தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். சபேசன் அவரை ஒருமுறை பார்த்தார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

குரு விளக்கைப் பவுனம்பாளிடம் கொடுத்தார். அவளே ஏற்றினாள். மருதையாறு வந்து கலக்கும் அந்தத் தண்ணீரில் அவளே விட்டாள்.

கூட்டம் கலைந்தபின் படித்துறையில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

“சுவாமி, புடாபெஸ்ட் பிள்ளைகளுக்காக என் ரத்தம் கொதித்ததே. அது பொய்யா?”

“பொய் இல்லை.”

“பிறகு ஏன் இவளுக்காக வாய் எழவில்லை?”

விளக்கு வளைவைத் தாண்டும்வரை குரு பார்த்துக்கொண்டிருந்தார்.

“புடாபெஸ்ட்டிலிருந்து உங்களுக்குப் பென்ஷன் வருவதில்லை.”