ஊர் முழுக்க மந்த நாடி

லியூ யின் மலையூரிலிருந்து திரும்பி வந்து படகைவிட்டு இறங்கியபோது, துறையின் மேல்படியிலிருந்து அவருடைய வைத்தியசாலை வாசல் வரைக்கும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் சுவரில் சாய்ந்து கண்களை மூடியிருந்தார்கள்.

பனி உருகி வெள்ளம் வருவதற்குள் ஆற்றங்கரையை உயர்த்தியாக வேண்டும் என்று அதிகாரியின் உத்தரவு. வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமந்தார்கள். மண் சுமக்கப் போனவர்களின் வேலையையும் வீட்டில் இருந்தவர்கள் சேர்த்துச் செய்தார்கள். உத்தரவு போட்டவரைத் தவிர ஊரில் களைக்காத ஆள் இல்லை.

மலையூரில் காய்ச்சல் என்று லியூ யின்னை அழைத்துப் போய் இருபது நாளாகிவிட்டது. அன்றிலிருந்து வைத்தியசாலையை நடத்தியவர் அவருடைய ஒரே சீடர் தாங் போ. லியூ யின் நாற்பது வயதுப் பெண். சீடர் அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். உப்புக் கிடங்கில் எழுத்தராக இருந்தவர். ஏழு வருடங்களுக்கு முன்பு, வேறோர் ஊரில் ஒரு வைத்தியர் வீட்டு வாசலில், தன் முறை வருவதற்கு முன்பே தாங் போவின் மனைவி இறந்துபோனாள். அடுத்த மாதமே எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு லியூ யின்னிடம் வந்து நின்றார். தன் வாசலில் யாரையும் காக்க வைப்பதில்லை என்பது அன்றைக்கு அவர் தனக்குத் தானே இட்டுக்கொண்ட கட்டளை. அதில் யார்தான் குறை சொல்ல முடியும்?

குரு உள்ளே நுழைந்ததும் தாங் போ எழுந்து வணங்கினார். மறுபடி உட்காரும்போது மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்குறீங்க?" என்று குரு கேட்டார்.

"அறுபது. நேத்து எழுபது."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு." எப்போது என்று அவர் சொல்லவில்லை.

லியூ யின் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கை கழுவினார். முகம் துடைப்பதற்குள் தாங் போ பேசத் தொடங்கிவிட்டார்.

"குருவே, ஒண்ணு கேக்கணும். நீங்க எப்ப வருவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

"கேளுங்க."

"உழைச்சு உழைச்சு ஓய்ஞ்சு போனவங்களுக்கு என்ன மருந்து? சுக்கு, லவங்கப்பட்டை, ஜின்செங் எல்லாம் குடுத்துப் பார்த்துட்டேன். ஒருத்தருக்கும் கேக்கல. பத்து நாள்ல திரும்பி வர்றாங்க, முன்னைவிட மோசமா. தூக்கம் போச்சுங்குறாங்க, நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்குறாங்க. நான் இன்னும் கத்துக்காத மருந்து ஏதாவது இருக்கா?"

"நாடி எப்படி இருந்துச்சு?"

"மந்தம்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

லியூ யின் துண்டைக் கொடியில் போட்டார். "ஊர் முழுக்கவா?"

"ஊர் முழுக்க. யார் உடம்புலயும் சூடே இல்ல. குளிர் உள்ள இறங்கிக் கெடக்கு. அதான் சூடு ஏத்துற மருந்தாவே குடுத்தேன்."

"படகுக்காரர் வீட்டு நாய்க்கும் பார்த்தீங்களா?"

தாங் போவுக்குச் சிரிப்பு வரவில்லை. குருவும் சிரிக்கவில்லை. நோயாளிகள் அமரும் முக்காலியில் உட்கார்ந்து, தவிடு அடைத்த சிறு தலையணையின்மேல் தன் மணிக்கட்டை வைத்தார்.

"எனக்குப் பாருங்க."

தாங் போ மூன்று விரல்களை வைத்தார். நாற்பது படி ஏறி வந்த குருவின் நெற்றியில் இன்னும் வியர்வை இருந்தது.

"உங்களுக்கும் மந்தம்தான் குருவே. மலைக்குளிர் பிடிச்சிருக்கு."

"அப்படியா" என்று லியூ யின் கையை எடுத்துக்கொண்டார்.

அப்போது வாசலில் வழிவிடச் சொல்லும் குரல் கேட்டது. படகுக்காரர் ஒரு பெண்ணைத் தோளில் தாங்கிக் கூட்டி வந்தார். பட்டுநூல் சுற்றுகிற ஃபாங் அவள். கணவன் கரைவேலைக்குப் போனதிலிருந்து இரண்டு பேர் நூலையும் அவளே சுற்றினாள். மூக்கில் ஒரு துணியை அழுத்திப் பிடித்திருந்தாள். துணி சிவந்திருந்தது.

"அஞ்சு நாளா கண்ணு மூடல ஐயா" என்றாள் தாங் போவிடம். "மருந்து குடிக்கிறப்பல்லாம் மூக்குல ரத்தம் வருது. இன்னும் மூணு வேளைக்கு இருக்கு. குடிக்கவா, நிறுத்தவா? நீங்க சொன்னா குடிக்கிறேன்."

ஒரு சொல்லாவது அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங் போவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். குரு முக்காலியிலிருந்து எழுந்து அவளை உட்கார வைத்தார்.

"பாருங்க" என்றார் சீடரிடம்.

தாங் போ கண்களை மூடி நாடியை எண்ணினார். "மூணு."

குருவும் விரல்களை வைத்தார். சற்று நேரம் கழித்து, "ஆறு" என்றார்.

நாடி பார்ப்பவருக்கு வேறு அளவுகோல் கிடையாது. தன் மூச்சு ஒருமுறை உள்ளே போய் வெளியே வருவதற்குள் நோயாளியின் நாடி எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணுவார், அவ்வளவுதான். நான்கோ ஐந்தோ துடித்தால் நலம். மூன்று என்றால் மந்தம், உடம்பில் குளிர். ஆறு என்றால் வேகம், உடம்பில் கொதிப்பு. குளிருக்குக் கொடுக்கிற மருந்தைக் கொதிப்பில் கொடுத்தால் எரிகிற அடுப்பில் விறகைத் திணித்த மாதிரி.

"ஏழு வருஷமா எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார் தாங் போ. அவர் குரல் உயர்ந்திருந்தது. "மூணுதான் குருவே."

"நான் இல்லைன்னு சொல்லல. இன்னொரு தடவை எண்ணுங்க. கை உங்களோடது. மூச்சு மட்டும் என்னோடது."

லியூ யின் தன் ஆள்காட்டி விரலை மேசைமேல் வைத்தார். மூச்சை இழுக்கும்போது விரலை உயர்த்தினார், விடும்போது தாழ்த்தினார். விரல் எழுந்து விழுவதைப் பார்த்தபடியே தாங் போ ஃபாங்கின் நாடியை எண்ணினார்.

ஆறு.

மறுபடி எண்ணினார். அப்போதும் ஆறுதான். மூன்றாம் முறை எண்ணத் தொடங்கி நான்கிலேயே நிறுத்திவிட்டார்.

"இப்ப உங்க விரலையும் வைங்க" என்றார் குரு. "உங்க மூச்சுக்கு அசைங்க."

இரண்டு விரல்களும் மேசைமேல் எழுந்து விழுந்தன. குருவின் விரல் ஒருமுறை எழுந்து விழுவதற்குள் சீடரின் விரல் இரண்டு முறை எழுந்து விழுந்தது. நிதானப்படுத்த முயன்றார். அதற்குள் மூச்சு முட்டியது.

மூக்கில் துணியோடு ஃபாங் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது" என்றாள். எழுந்துகொள்ளப் பார்த்தாள். "நீங்க இதுல உக்காருங்க."

குரு அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

ஒவ்வொரு நோயாளியையும் தொடுவதற்கு முன்னால், கையை மடியில் வைத்து, தன் மூச்சு அடங்கும் வரை சும்மா உட்கார வேண்டும். லியூ யின் தாங் போவுக்கு முதல் வருடம் முழுக்கக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றைத்தான். குரு மலையூருக்குப் போன மூன்றாம் நாள் சீடர் அதை விட்டுவிட்டார். அறுபது பேருக்கு அறுபது முறை சும்மா உட்கார்ந்தால் வாசலில் இருபது பேர் மிஞ்சிவிடுவார்கள். நேரத்தை வேறு எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் ஏற்கெனவே பிடித்துவிட்டிருந்தார்.

லியூ யின் பச்சைப்பயறையும் அதிமதுரத்தையும் கொதிக்க வைத்து, கிணற்று நீரில் பாத்திரத்தை இறக்கி ஆற்றினார். ஃபாங் அதை மடக்கு மடக்காகக் குடித்தாள்.

"பிழைச்சுக்குவாளா?" என்று தாங் போ மெல்லக் கேட்டார்.

"ரத்தம் நின்னா சொல்றேன்."

படகுக்காரரைக் குரு கரைக்கு அனுப்பினார். இங்கே வாங்கிய மருந்தை யாரும் இனித் தொட வேண்டாம், எல்லாரும் திரும்ப வரட்டும், சொன்னது லியூ யின் என்று சொல்லுங்கள் என்றார். படகுக்காரர் எதுவும் கேட்காமல் தாங் போவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். வரிசையில் இருந்தவர்களும் அதைக் கேட்டார்கள். மடியில் மருந்துப் பொட்டலம் வைத்திருந்த ஒரு கிழவர் அதை எடுத்து, பிரிக்காமல், தனக்குச் சற்றுத் தள்ளித் தரையில் வைத்தார்.

தாங் போ எழுந்தார். "வர முடியாதவங்க இருப்பாங்க. வீடு வீடா நான் போறேன். எல்லார் நாடியையும் திரும்பப் பார்த்துட்டு வந்துடறேன்."

வாசல்படியைத் தாண்டும்போது முழங்கால் மடங்கியது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். லியூ யின் வந்து அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய், ஃபாங்குக்கு அருகில் இன்னொரு முக்காலி போட்டு உட்கார வைத்தார். தவிட்டுத் தலையணையை அவர் கைக்குக் கீழே நகர்த்தினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல குருவே."

குரு தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் அந்த அறையில் யாரும் சும்மா உட்கார்ந்து பல நாள் ஆகியிருந்தது. பிறகு மூன்று விரல்களை அவர் மணிக்கட்டில் வைத்தார். வெகுநேரம் எண்ணினார். எண்ணிக்கையை அவர் சொல்லவில்லை, தாங் போவும் கேட்கவில்லை.

"உள்ளறையில பாய் இருக்கு" என்றார். "கஞ்சி கொண்டு வர்றேன். குடிச்சுட்டுப் படுங்க. நான் எழுப்புற வரைக்கும் எந்திரிக்க வேண்டாம்."

"எத்தனை நாள்?"

"தெரியல."

தாங் போவின் கண்கள் நிறைந்துவிட்டன. துடைத்துக்கொள்ளாமலே பேசினார்.

"குருவே, வெளிய நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. நீங்க ஒருத்தர் பார்த்தா பத்து பேரைப் பார்ப்பீங்க, பதினஞ்சு பேரைப் பார்ப்பீங்க. மிச்சப் பேர் அப்படியே உக்காந்திருப்பாங்க. காத்திருந்தே செத்துப்போனவளை மடியில வச்சிருந்தவன் நான். நான் போய்ப் படுத்துட்டா இவங்கள யார் பார்ப்பாங்க?"

லியூ யின் அவர் மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுக்கவில்லை.

"இத்தனை நாளா மட்டும் யார் பார்த்தாங்க?" என்றார்.