துடைத்த பக்கம்

சாதிக் பாய்க்கு முப்பத்தேழு வயது. அவரிடம் கார் வேலை கற்றுக்கொள்ள வந்த குழந்தைவேலுவுக்கு ஐம்பத்திரண்டு. குரு சீடனை ‘அண்ணா’ என்பார், சீடன் குருவை ‘பாய்’ என்பார். பொள்ளாச்சியில், வால்பாறை போகிற ரோட்டிலிருந்த பாயின் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. இரண்டு பேருமே அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

குழந்தைவேலு அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் சாயப்பட்டறையில் குழாய் ஃபிட்டர். எங்காவது ஒரு மூட்டில் ஒரு சொட்டு கசிந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்தைக் கார் வேலைக்கும் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை தெய்வானையின் வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. அவளே ஓட்டுகிற கார். இறங்கும்போதே முகம் சரியில்லை.

“ஆயில் லைட் எரியுதுங்க பாய். நிறுத்தி எடுத்தா அணைஞ்சுக்குது. கொஞ்ச தூரம் போனா மறுபடி எரியுது. மேல எஸ்டேட்ல மக காத்துட்டு உக்காந்திருக்கா. எட்டு மாசம். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாரச் சொல்லிட்டாங்க.”

குழந்தைவேலு கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். போன வெள்ளிக்கிழமைதான் இதே காரில் எண்ணெய் ஒழுகுகிறது என்று, இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சேம்பரைக் கழற்றி, புதிதாகக் கசிவடைக்கும் பேஸ்ட் போட்டு மூடியிருந்தார். பிதுங்கிய பேஸ்ட்டை வழித்துத் துடைத்து, விளக்கி வைத்த பாத்திரம் மாதிரி ஆக்கிக் கொடுத்தார். தெய்வானைகூட மெச்சிவிட்டுத்தான் போனாள்.

படுத்துக்கொண்டு அடியில் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெயும் சரியாக இருந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“சுவிட்சுதானுங்க பாய். லைட்டுக்குப் போற சுவிட்சு கெட்டிருக்கும். மாத்திவிட்டா அம்மிணி கெளம்பிக்கலாம்.”

“இருக்கலாமுங்கண்ணா” என்றார் பாய். “கழட்டுங்க.”

சுவிட்ச் இருந்த இடத்தில் பாய் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜை மாட்டினார். இஞ்சினை ஓடவிட்டார். முள் மூன்று கிலோவில் போய் நின்றது.

“பாத்தீங்களா?” என்றார் குழந்தைவேலு, தேவைக்கு மேல் சத்தமாக.

“பாத்துட்டே இருப்போம்.”

ஐந்து நிமிஷத்தில் முள் இரண்டுக்கு வந்தது. சூட்டில் எண்ணெய் இளகினால் அவ்வளவு இறங்கும், அது நியாயம்தான். தெய்வானையின் போன் அடித்தது. “வந்துட்டே இருக்கேன் கண்ணு” என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு வைத்தாள்.

பதினோராவது நிமிஷம் முள் மறுபடி நகர்ந்தது. ஒன்றரை. ஒன்று. அரைக்கும் கீழே. இஞ்சினின் தலைப்பக்கம் டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தது. பாய் சட்டென்று சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

 கால் மணி நேரம் கழித்து மறுபடி ஓட்டினார். முள் ஒன்றுமே நடக்காதது போல இரண்டில் போய் நின்றது.

“இப்ப நல்லாத்தானே இருக்குது?” என்றாள் தெய்வானை. “நடுவுல நடுவுல நிறுத்திப் போய்க்கறேன். அந்தக் கேஜைக் கழட்டிட்டு சுவிட்சை மாட்டிக் குடுங்க பாய். புள்ளை தனியா இருக்கா.”

பாய் இஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்பேனரைக் குழந்தைவேலுவிடம் நீட்டினார்.

“ஓடுனா எறங்குது. நிறுத்தி வெச்சா ஏறுது. ஏனுங்கண்ணா?”

குழந்தைவேலுவுக்குப் பதில் தெரிந்தது. தெரியாமலே இருந்திருந்தால் தேவலாம் என்று இருந்தது. எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. உறிஞ்சும்போது எதுவோ அதில் போய் அப்பிக்கொள்கிறது, நிறுத்தினால் உதிர்ந்து விழுந்துவிடுகிறது. சாயப்பட்டறைப் பம்பில் நூல் கழிவு அடைத்து ஆயிரம் தடவை பார்த்த கூத்துதான் இது. இந்தச் சேம்பருக்குள் கடைசியாகக் கை விட்டது யார் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

“நீங்க சொல்லுங்கண்ணா” என்றார் பாய். “மாட்டிக் குடுத்துரலாமா?”

குழந்தைவேலு ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். சுவிட்ச் என்று சொல்லிவிட்டால் இப்போதைக்கு மானம் மிஞ்சும். மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவு; எண்ணெய் ஏறாவிட்டால் இஞ்சின் எந்த வளைவிலும் இறுகி நின்றுவிடும். திரும்பி வரும்போது பின் சீட்டில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். 

“வேண்டாம் அம்மிணி” என்றார். “இந்த வண்டியில மேல போகாதீங்க. உள்ளார என்னமோ அடைக்குது. வெள்ளிக்கெழமை நாந்தான் மூடுனேன்.”

தெய்வானை அவரையே பார்த்தாள்.

“நீங்க மூடுனதுன்னுதானுங்க நாலு நாளா பயமில்லாம ஓட்டுனேன்” என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பாய் தன்னுடைய கார் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார். “இதுல போய்ட்டு வாங்கக்கா.” அவள் வாங்கிக்கொண்டு புறப்பட்டாள்.

சேம்பரைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவ்வளவு அருமையாக ஒட்டியிருந்தது. உள்ளே சல்லடை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரித் துணுக்குகள். இறுகிப்போன பேஸ்ட். பாய் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக் காகிதத்தில் வைத்தார்.

“வெளிய ஒரு சொட்டு ஒழுகலீங்களே பாய்.” என்றார் குழந்தைவேலு. “எத்தனை தடவை குனிஞ்சு பாத்தேன். எனக்கு எப்படிங்க தெரிஞ்சிருக்கும்?”

பாய் எழுந்து போனார். உடைந்த அலமாரிக் கண்ணாடியிலிருந்து விரல் அகலத்தில் இரண்டு துண்டுகள் கொண்டுவந்தார். ஒன்றைப் பெஞ்சின் மேல் வைத்தார். பேஸ்ட் ட்யூபைக் குழந்தைவேலுவிடம் கொடுத்தார்.

“வெள்ளிக்கெழமை போட்ட மாதிரியே போடுங்க.”

போட்டார். நடுவில் நீளமாக, தாராளமாக. பாய் இரண்டாவது துண்டை அதன் மேல் வைத்துக் கட்டை விரல்களால் அழுத்தினார். பேஸ்ட் நசுங்கி இரண்டு ஓரத்திலும் பிதுங்கியது.

குழந்தைவேலுவின் கை தானாகவே துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியை எடுத்தது. தன் பக்கம் பிதுங்கியதை ஒரே இழுப்பில் வழித்துத் துடைத்தது.

“சுத்தமா இருக்குது” என்றார் பாய். கண்ணாடியை மெல்ல மறுபக்கம் திருப்பி வைத்தார். அங்கே பிதுங்கிய பேஸ்ட் அப்படியே தொங்கியது. “இந்த உள்பக்கத்தை யாருங்கண்ணா தொடைச்சது?”